மூன்று நாள் விருந்தாளி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நாலாம் நாள் காலையிலும் விருந்தாளி சாவகாசமாகக் குளித்துவிட்டுத் திண்ணையில் வந்து சாய்ந்து உட்கார்ந்தாரானால், சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்சம் உரக்கப் பேச ஆரம்பிக்கும். அந்தப் பேச்சு விருந்தாளியின் காதில் விழாவிட்டாலும் வீட்டுக்காரர் காதில் விழும்.

இதைப் போன்ற ஒரு நாள் கணக்கை வைத்துக்கொண்டு, உண்மையான தீர்க்கதரிசி யார், கள்ளத் தீர்க்கதரிசி யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். தம் பெயரைச் சொல்லிக்கொள்ளாத ஓர் ஆதி கிறிஸ்தவர் அவர். நம்மைவிட ஒரு நாள் கண்டிப்பானவர். இரண்டு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் ஆள் போலி என்பது அவர் தீர்ப்பு.

அவர் எழுதிய சிறு நூல் வெகு காலம் உலகத்தின் கண்ணில் படாமல் இருந்தது. கான்ஸ்டான்டிநோபிளில் பனார் என்ற பகுதியில், ஜெருசலேம் மடத்துக்குச் சொந்தமான ஒரு புத்தகசாலை இருந்தது. அங்கே 1873-ஆம் வருஷம் பிலோதியோஸ் பிரயென்னியோஸ் என்ற கிரேக்க மேற்றிராணியார் ஒரு பழைய தோல் ஏட்டுப் பிரதியைப் புரட்டினார். 1056-ஆம் வருஷம் லேயோ என்ற எழுத்தர், தம்மைப் பாவி என்று பணிவோடு குறித்துக்கொண்டு, பிரதி செய்து முடித்த ஏடு அது. அதனுள் வேறு நூல்களுக்கு நடுவில் 'பன்னிரண்டு அப்போஸ்தலரின் போதனை' அடங்கியிருந்தது. பிரயென்னியோஸ் அதை 1883-இல் அச்சிட்டபோது ஐரோப்பாவின் வேத பண்டிதர்கள் துள்ளிக் குதித்தார்கள். 'டிடாக்கே' என்று கிரேக்கப் பெயரால் வழங்கும் அந்த நூல் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்தது என்று அறிஞர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய ஏற்பாடு இன்னும் ஒரு புத்தகமாகத் தொகுக்கப்படவில்லை. கோயில் கோபுரங்கள் கிடையாது. வீடுகளில்தான் சபை கூடிற்று. அப்போஸ்தலர் என்றும் தீர்க்கதரிசி என்றும் பேர் கொண்டவர்கள் ஊர் ஊராக நடந்து போய்ப் பிரசங்கம் செய்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில், காலில் புழுதியோடு ஓர் அந்நியர் வாசலில் வந்து நிற்கிறார். ஆண்டவருடைய வார்த்தையைக் கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறார். அவர் உண்மையானவராக இருந்து கதவைச் சாத்தினால் அது ஆண்டவரையே வெளியே நிறுத்தியதாகும். பொய்யராக இருந்து உள்ளே விட்டால் குடும்பத்தின் நிம்மதியும் ஊர்க்காரர் விசுவாசமும் பறிபோகும். எல்லா ஆவிகளையும் நம்பிவிட வேண்டாம், சோதித்துப் பாருங்கள் என்று யோவானின் நிருபம் சொல்லியிருந்தது. ஆவிகளைப் பகுத்தறிவதும் ஒரு வரமே என்று பவுல் எழுதியிருந்தார். ஆனால் கையில் விளக்கோடு வாசலில் நிற்கும் வீட்டுக்காரர் எப்படிச் சோதிப்பது?

டிடாக்கே எழுதியவர் அதற்குப் பதில் சொல்கிறார். வருகிறவரை ஆண்டவரை வரவேற்பதுபோல் வரவேற்கச் சொல்கிறார். ஒரு நாள் தங்கட்டும். அவசியமானால் இன்னொரு நாள். புறப்படும்போது அடுத்த ஊர் போய்ச் சேரும் வரைக்கும் வேண்டிய ரொட்டி மட்டும் கொடுத்தனுப்பலாம். பணம் கேட்டால் அவர் கள்ளர். ஆவியில் பேசுகிறவரை நடுவில் குறுக்கிட்டுச் சோதிக்கக் கூடாது. அது பெரிய பாவம். ஆனால் ஆவியில் பேசுகிறவர் எல்லாரும் தீர்க்கதரிசிகளாகிவிட மாட்டார்கள். ஆண்டவருடைய நடத்தை அவரிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆவி சொல்வதாகச் சொல்லி விருந்து தயாரிக்கக் கட்டளையிட்டுவிட்டு, தாமே உட்கார்ந்து அதைச் சாப்பிடுகிறவர் கள்ளர். சத்தியத்தையே போதித்தாலும் போதித்தபடி நடக்காதவரும் அப்படியே.

இந்தச் சட்டங்களைப் படிக்கும்போது கதை எழுதுகிறவனான எனக்கு ஒரு குறுகுறுப்பு உண்டாகிறது. சட்டம் என்பது எங்கேயோ நடந்துபோன சம்பவத்தின் காலடித் தடம். ஆவியின் பேரால் விருந்து கேட்டுத் தாமே அதைச் சாப்பிட்ட மகானுபாவர் ஒருவர் நிச்சயம் இருந்திருக்க வேண்டும். கண்களை மூடி, உடல் நடுங்க, "இந்த வீட்டில் விருந்து ஆயத்தமாகட்டும்" என்று அவர் முழங்கியிருப்பார். வீட்டு அம்மாள் இருந்த ஒரே ஆட்டையும் அடித்துச் சமைத்திருப்பாள். வாசலில் நின்ற ஏழைகளுக்குத்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கையில், தீர்க்கதரிசி கையைக் கழுவிக்கொண்டு பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார். இந்தக் காட்சி என் கற்பனை. ஆனால் இதைப் போல் ஒன்று நடக்காமல் அந்த விதி எழுதப்பட்டிருக்காது.

டிடாக்கே காரர் கருமியல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாத வேறொருவருக்குக் கொடுக்கும்படி தீர்க்கதரிசி கேட்டால் அவரைக் குறை கூற வேண்டாம் என்கிறார். வழிப்போக்கராக வந்தவர் ஊரிலேயே தங்க விரும்பினால் கைத்தொழில் செய்து பிழைக்கட்டும். தொழில் தெரியாவிட்டால் சபையார் யோசித்து ஒரு வழி செய்யட்டும். அதற்கும் சம்மதிக்காதவர் கிறிஸ்துவை வைத்து வியாபாரம் செய்கிறவர். இதற்கென்றே கிரேக்கத்தில் ஒரு சொல்லை ஆள்கிறார் அவர். அற்புதம் செய்து காட்டச் சொல்லவில்லை. தர்க்கம் செய்து மடக்கச் சொல்லவில்லை. சாப்பாடு, பணம், உழைப்பு, புறப்படுகிற நேரம் என்று எந்தக் குடித்தனக்காரியும் தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவற்றையே சோதனையாக வைக்கிறார். கல்வி இல்லாதவரும் ஏமாறாமல் தப்பிக்க வேண்டும் என்ற கருணை அதில் இருக்கிறது.

இந்தச் சோதனையைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதை வெளியிலிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். சமோசாத்தா ஊர்க்காரரான லூசியன் என்ற கிரேக்க நையாண்டிக்காரர் அவர். பெரெக்ரினஸ் என்ற ஆசாமி பாலஸ்தீனத்துக் கிறிஸ்தவர்களிடம் வந்து சேர்ந்தான். வெகு சீக்கிரத்தில் அவர்களுக்குத் தீர்க்கதரிசியாகவும் தலைவனாகவும் ஆகிவிட்டான் என்கிறார் லூசியன். அவனைச் சிறையில் போட்டபோது அதிகாலையிலேயே விதவைகளும் அநாதைக் குழந்தைகளும் சிறை வாசலில் காத்து நின்றார்களாம். சபைப் பெரியவர்கள் காவலருக்குக் கைக்கூலி கொடுத்து உள்ளே போய் அவனோடு படுத்துறங்கினார்களாம். ஆசியா மாகாணத்து ஊர்களிலிருந்துகூடப் பணத்தோடு தூதர்கள் வந்தார்களாம். அவனோ விடுதலையாகி, விலக்கப்பட்ட எதையோ தின்றதற்காகப் பிறகு சபையாரால் தள்ளப்பட்டு, வேறு தத்துவத்துக்குத் தாவி, கடைசியில் 165-ஆம் வருஷம் ஒலிம்பியாத் திருவிழாவில் கூட்டத்தின் முன்னால் தீயில் குதித்து உயிரை விட்டான். லூசியன் பரிகாசம் செய்யப் பிறந்தவர். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். ஆனாலும் அந்தச் சிறை வாசலில் நின்ற விதவைகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்களிடமிருந்த கொஞ்சத்தையும் அன்போடு கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஏமாற்றுக்காரன் எப்போதும் ஒருவருடைய நல்ல குணத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறான்.

அப்படி நுழைந்தவர்களில் மார்க்கஸ் என்பவனும் ஒருவன். அவனைப் பற்றி லியோன் நகரத்து மேற்றிராணியாரான ஐரேனியஸ் 180-ஆம் வருஷத்தை ஒட்டி எழுதினார். திராட்ச ரசக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, நீண்ட ஜபம் சொல்லி, ரசத்தின் நிறம் செக்கச் சிவக்க மாறும்படி செய்வான் மார்க்கஸ். பட்டுப் பீதாம்பரம் அணிந்த செல்வக் குடும்பத்துப் பெண்களையே அவன் கண் தேடும். நீயும் தீர்க்கதரிசனம் சொல் என்று ஒருத்தியை ஏவுவான். எனக்கு அது தெரியாதே என்று அவள் கூசுவாள். வாயைத் திற, வந்ததைச் சொல் என்பான். படபடக்கும் நெஞ்சோடு அவள் எதையோ உளறுவாள்; அந்தக் கணத்திலிருந்து தான் ஒரு தீர்க்கதரிசி என்று அவளே நம்பிவிடுவாள். பிறகு அவளுடைய சொத்தும் அவளும் அவன் வசமாகும். ஆசியாவில் சபையின் உதவிக்காரர் ஒருவர் அவனைத் தம் வீட்டில் தங்க வைத்தார். அழகியான அவர் மனைவி அவன் பின்னால் போய்விட்டாள். சகோதரர்கள் பெருமுயற்சி செய்து அவளை மீட்டுவந்தார்கள். அதன் பிறகு தன் காலமெல்லாம் அவள் அழுதுகொண்டே கழித்தாள் என்கிறார் ஐரேனியஸ்.

ரோன் நதிப் பக்கத்துப் பெண்களைப் பற்றி அவர் எழுதியிருப்பது இன்னும் மனத்தை அறுக்கிறது. மார்க்கஸின் சீடர்களிடம் ஏமாந்தவர்களில் சிலர் சபையின் முன் வந்து ஒப்புக்கொண்டார்கள். வேறு சிலருக்கு வெட்கம் வாயை அடைத்துவிட்டது. அவர்களில் சிலர் அடியோடு விலகிப் போனார்கள். சிலர் உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல் நடுவில் நின்றுவிட்டார்கள். பொய்ப் போதகம் என்பது பண்டிதர்கள் வாதாடுவதற்கு ஒரு தலைப்பு என்று நினைப்பவர்கள் இந்தப் பெண்களை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். நல்லவேளையாக, அவன் ஏவியபோதே அவனைச் சபித்துவிட்டு எழுந்து போன பெண்களும் இருந்தார்கள். அவர்கள் பெயரை ஐரேனியஸ் எழுதவில்லை. அவர்களும் எந்தச் சாஸ்திரமும் படித்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஐரேனியஸ் நல்ல எழுத்தாளர். மரகதக் கல்லைப்போல் கண்ணாடியில் செய்துவிடலாம்; பரிசோதிக்கத் தெரிந்தவன் பக்கத்தில் இல்லாவிட்டால் கண்ணாடிதான் அதிக அழகாகத் தோன்றும் என்று அவர் முன்னுரையில் சொல்கிறார். இன்னோர் உவமையும் சொல்கிறார். சிறு வண்ணக் கற்களைப் பதித்து ஒரு சிற்பி ராஜாவின் உருவத்தைச் செய்திருக்கிறான். வேறொருவன் அதே கற்களைப் பெயர்த்தெடுத்து, நாயாகவோ நரியாகவோ அமைத்துவிட்டு, இதுதான் ராஜாவின் உருவம் என்கிறான். கற்கள் அத்தனையும் உண்மையானவை. உருவம் மட்டும் பொய். வேத வசனங்களைப் பிடுங்கித் தம் கதைக்கு ஏற்ப வரிசைப்படுத்துகிறவர்கள் செய்வது இதுவே என்கிறார். ராஜாவை ஒரு தடவையாவது நேரில் பார்த்தவன் ஏமாற மாட்டான். ஐரேனியஸ் சிறுவயதில் சிமிர்னா நகரத்துப் போலிகார்ப்பின் காலடியில் உட்கார்ந்து கேட்டவர். போலிகார்ப் யோவானைப் பார்த்தவர் என்பது அவர் சாட்சியம். ஆகவே அந்த உவமைக்குப் பின்னால் ஒரு குடும்பப் பாத்தியதையும் இருந்தது. வாலன்டைன் வழியினர் விவரிக்கும் தேவ கணங்களின் நீண்ட வம்சாவளியைக் கேலி செய்ய, அவரே ஒரு வம்சாவளி ஜோடித்து, அதில் சுரைக்காயையும் வெள்ளரிக்காயையும் முலாம்பழத்தையும் தெய்வங்களாக உட்கார வைத்திருக்கிறார்.

இதுவரை கண்டவர்கள் வயிற்றுக்கும் பணத்துக்கும் ஆசைக்கும் அடிமையானவர்கள். அவர்களை நாள் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். சிக்கல் பிரிகியா நாட்டில் ஆரம்பமாயிற்று. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மொந்தானுஸ் என்பவரும், பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்ற இரு பெண்களும், பரிசுத்த ஆவி தங்கள் வாய்மூலம் புதிதாகப் பேசுவதாக அறிவித்தார்கள். பெபூசா என்ற சிற்றூரையே ஜெருசலேம் என்று அழைத்தார்கள். எதிர்த்து எழுதிய அப்பொல்லோனியஸ் பழைய சோதனையையே எடுத்தார்: இவர்கள் காணிக்கை வசூலிக்க ஆள் வைத்திருக்கிறார்கள், பிரசங்கிகளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றார், தீர்க்கதரிசியானவர் தலைக்குச் சாயம் பூசித் தாயக்கட்டை உருட்டி வட்டிக்கும் விடுவாரா என்று கேட்டார். பெயர் தெரியாத வேறொருவர் இதைவிடப் பொறுமையான ஒரு சோதனையைக் கைக்கொண்டார். யுத்தங்களும் கலகங்களும் வரும் என்று மாக்சிமில்லா முன்னறிவித்திருந்தாள். அவள் செத்து 13 வருஷங்களுக்கு மேலாகியும் யுத்தம் வரவில்லை என்று அவர் கணக்குப் பார்த்து எழுதினார். இவற்றையெல்லாம் யூசிபியஸ் தம் சபைச் சரித்திரத்தில் பாதுகாத்து வைத்தார்.

ஆனால் இந்த வாதங்களெல்லாம் ஒருவரைத் தடுக்க முடியவில்லை. அவர் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன். லத்தீன் மொழியில் அவருக்கு நிகரான கிறிஸ்தவப் பேனா அந்தத் தலைமுறையில் கிடையாது. வேதப்புரட்டர்களை எதிர்த்து 200-ஆம் வருஷத்தை ஒட்டி அவர் ஒரு நூல் எழுதினார். மேற்றிராணியாரோ விதவையோ போதகரோ, ஏன் இரத்தசாட்சியோகூட, வழி தவறினால் கலங்காதீர்கள், ஆளைக்கொண்டு விசுவாசத்தை எடைபோடக் கூடாது, விசுவாசத்தைக் கொண்டுதான் ஆளை எடைபோட வேண்டும் என்பது அதில் அவருடைய வாதம். சில வருஷங்களுக்குள், 207-ஐ ஒட்டி, அவரே மொந்தானுஸின் பக்கம் சாய்ந்துவிட்டார்.

அவரை இழுத்தது பணமா? விருந்தா? இரண்டும் இல்லை. உபவாசம் இழுத்தது, மறுமணம் கூடாது என்ற கட்டுப்பாடு இழுத்தது, உபத்திரவத்துக்குப் பயந்து ஓடக் கூடாது என்ற வீரம் இழுத்தது. தளர்ந்துபோன சபையைப் பார்த்துக் கோபங்கொண்ட ஒரு நேர்மையான மனசு, தன்னைவிடக் கண்டிப்பானவர்களைப் பார்த்ததும் பணிந்துவிட்டது. மூன்றாம் நாளும் தங்குகிறவரைக் கண்டுபிடிக்கலாம். மூன்று நாளும் பட்டினி கிடக்கிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது? பொய்யை ஆசையோடு மட்டுமே சேர்த்துப் பார்க்கப் பழகிய கண், துறவுக் கோலத்தைக் கண்டால் உடனே கைகூப்பிவிடுகிறது.

ஆன்மாவைப் பற்றித் தெர்த்துல்லியன் எழுதிய நூலில் ஓர் இடம் இருக்கிறது. அவர்கள் சபையில் ஒரு சகோதரிக்கு ஞாயிறு ஆராதனையின்போது தரிசனங்கள் கிடைக்கும். ஜனங்கள் கலைந்து போன பிறகு, அவள் கண்டவற்றை அவர்கள் கேட்டு, மிகவும் கவனமாக ஆராய்ந்து எழுதிவைப்பார்கள். ஒரு நாள் தெர்த்துல்லியனின் பேச்சு ஆன்மாவைப் பற்றியது. அன்று அந்தச் சகோதரி ஆன்மாவையே உருவத்தோடு கண்டாள். ஆன்மாவுக்கு ஒருவகை உடல் உண்டு என்பது அவருடைய கொள்கை. அதற்கு அவள் தரிசனம் சாட்சியாயிற்று. சோதனை செய்யாமல் அவர்கள் இருந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். சோதித்தார்கள், கவனமாகவே சோதித்தார்கள். ஆனால் சோதிக்கிறவர் ஏற்கெனவே விரும்பிய விடையைத்தான் அந்தத் தரிசனம் கொண்டுவந்தது. நம் எண்ணத்தையே நமக்குத் திருப்பிச் சொல்லும் குரலைத் தெய்வத்தின் குரல் என்று எடுத்துக்கொள்வதைப்போல் சுலபமான காரியம் வேறில்லை. அந்தச் சகோதரி பொய் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. இந்தக் கதையில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் அதன் பயங்கரம்.

தெர்த்துல்லியனை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. திரியேகக் கடவுளைக் குறிக்கச் சபை இன்றும் ஆளும் 'திரினிதாஸ்' என்ற லத்தீன் சொல்லைத் தேவனுக்கு வழங்கி நிலைநாட்டியவர் அவரே. அதுவும் மொந்தானுஸ் பக்கம் சேர்ந்த பிறகு எழுதிய நூலில். வழி தவறியவர் என்று முத்திரை குத்தப்பட்டவரின் பெட்டியிலிருந்து எடுத்த பொன்னைச் சபை இன்னும் அணிந்துகொண்டிருக்கிறது.

சோதிக்கிறவர்களையும் காலம் ஒரு நாள் சோதித்தது. எகிப்தில் நாக் ஹம்மாடி என்ற ஊருக்கு அருகே 1945-ஆம் வருஷம் ஒரு மண்ஜாடி கிடைத்தது. அதனுள் கோப்டிக் மொழியில் எழுதிய பழைய ஏடுகள்; பதின்மூன்று ஏட்டுக் கட்டுகள் என்று கணக்கிடுகிறார்கள். ஐரேனியஸ் போன்றவர்களால் கண்டிக்கப்பட்ட ஞானவாதிகளின் சொந்த எழுத்துக்கள் பல அவற்றில் இருந்தன. அவர் பெயர் சொல்லிக் கண்டித்த 'சத்தியத்தின் சுவிசேஷம்' இதுவே என்று பல அறிஞர்கள் கருதும் நூலும் அதில் ஒன்று. வழக்கில் ஒரு பக்கத்து வக்கீலின் பேச்சை மட்டுமே 1,700 வருஷத்துக்கு மேலாகக் கேட்டுவந்த உலகம், எதிர்க் கட்சியின் வாயையும் கேட்டது. சில இடங்களில் ஐரேனியஸ் சொன்னது சரியாகவே இருந்தது. சில ஏடுகளிலோ சுரைக்காய்க் கேலியில் அடங்காத உண்மையான ஏக்கமும் கவிதையும் இருந்தன. சத்தியத்தின் சுவிசேஷத்தைப் படிக்கிறவன் அதன் கொள்கையை ஏற்காமல் போகலாம். எழுதியவர் மார்க்கஸைப்போல் கிண்ணத்தில் ரசத்துக்கு நிறமேற்றியவர் என்று மட்டும் சொல்ல மாட்டான். ஐரேனியஸ் அவர்களுடைய நூல்களைப் படித்து, அவர்களில் சிலரை நேரிலும் சந்தித்துப் பேசியே எழுதினார் என்பது அவருக்குப் பெருமை. அவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ளாமல் மற்றவரைக் கள்ளர் என்கிறவர்கள் பிற்காலத்தில் எத்தனையோ பேர் வந்தார்கள்.

ஆக, மூன்று படிகள் எனக்குத் தெரிகின்றன. வயிற்றையும் பணத்தையும் பார்த்தால் புரட்டன் அகப்படுவான். முழு உருவத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், கற்களை மாற்றி அடுக்குகிறவன் அகப்படுவான். மூன்றாவதற்குத் தம் மனசையே பார்க்க வேண்டும்: இந்தப் போதனை எனக்கு ஏன் இவ்வளவு இனிக்கிறது, என் கோபத்துக்கோ கர்வத்துக்கோ இது தீனி போடுகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் இரண்டையும் அறிந்திருந்த மகா அறிவாளி மூன்றாவதில்தான் வழுக்கினார்.

டிடாக்கேயில் இன்னொரு சிறு விதி இருக்கிறது. விளைச்சலின் முதற்பலனைச் சபையில் குடியிருக்கும் உண்மையான தீர்க்கதரிசிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஊரில் தீர்க்கதரிசி யாரும் இல்லாவிட்டால் அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படி அந்தப் பெரியவர் எழுதுகிறார். தீர்க்கதரிசி இல்லையே என்று அவர் பதறவில்லை. எப்படியாவது ஒருவரைத் தேடிப் பிடித்து உட்காரவைக்கச் சொல்லவும் இல்லை. தானியம் வந்தது, ஊரில் பசித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் போகட்டும் என்று அமைதியாக அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.